வாடகை எதற்கு விலை?

வீடு வாடகைக்கு விடப்படும் என்று பலகை தொங்குகிறது. பலகையைக் கண்டு படியேறுகிறான் ஒருவன். முன்பணம் தர வழி இருக்கிறது. மாதந்தோறும் வாடகை தர ஊதியம் இருக்கிறது. குடியேற மனைவியும் மக்களும் இருக்கின்றனர். கதவு பாதி திறக்கிறது. வாடகை எவ்வளவு என்று அவன் கேட்குமுன், "நீங்க என்ன ஆளுங்க?" என்று உள்ளிருந்து கேள்வி புறப்படுகிறது!

வேட்டி விற்பவன் உடுத்தப் போகிறவனின் குலத்தைக் கேட்பதில்லை. மிதிவண்டி விற்பவன், ஏறி மிதிக்கப் போகும் கால் எந்தத் தெருவில் பிறந்த கால் என்று ஆராய்வதில்லை. காசு கொடுத்தால் பொருள். பொருளுக்கு ஈடாகக் காசு. வீட்டு வாசலில் மட்டும் இந்த நேர்மையான வணிகம் நின்று போவானேன்? அங்கே விற்கப்படுவதுதான் யாது? வாடகை என்பது எதற்கு விலை?

இந்தக் கேள்விக்கு விடை காணப் புகும் நம் தோழர்களில் பலர், எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பெழுதி விடுகின்றனர். "உழைக்காமல் உண்பவன் வீட்டுக்காரன், அவன் கேட்பதெல்லாம் ஆணவம், பேசுவதெல்லாம் பேராசை" என்று முழங்கி, கைதட்டு வாங்கி, கலைந்து விடுகின்றனர். நானும் வாடகை வீட்டில் குடியிருப்பவன்தான். கைதட்டும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் தட்டுமுன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பகுத்தறிவு என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு, பகுத்துப் பார்க்காமல் ஏசுவது நமக்கு அழகன்று.

சென்னையிலும் அதன் புறநகரிலும் வாடகைக்கு வீடு விடுகிறவர் யார்? அரண்மனை கட்டி ஆள்கிறவர் சிலர் உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலோர் அவரல்லர். பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையைச் செங்கல்லாக்கி, கீழே தாம் இருந்துகொண்டு மேலே ஒரு போர்ஷன் எழுப்பியவர். மகளின் திருமணத்துக்கு முன் கடன் அடையுமா என்று கவலைப்படுகிறவர். கணவர் விட்டுப்போன ஒற்றை வீட்டின் வாடகையில் மருந்து வாங்கும் மூதாட்டி. "வீட்டுக்காரர்" என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பெண்கள் வாயில் கணவர் என்றும் பொருளுண்டு. இரண்டு வீட்டுக்காரரும் சொந்த உரிமை பேசுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவரல்லர் என்பது இருக்கட்டும். இருவருக்கும் தலைக்குமேல் பாரமுண்டு என்பதும் உண்மை.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒருவர் 60 இலட்சம் ரூபாயில், வாடகைக்கு விடுவதற்கென்றே ஓர் அடுக்குமாடி வீடு வாங்குகிறார். கைப்பணம் 12 இலட்சம். வங்கிக் கடன் 48 இலட்சம். வட்டி ஆண்டுக்கு எட்டரை விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டு என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 41,650 ரூபாய் கட்டவேண்டும். வீட்டுக்கு வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 25,650 ரூபாய் அவருடைய ஊதியத்திலிருந்து போகிறது. 20 ஆண்டு முடிவில், வாங்கிய 48 இலட்சத்துக்கு அவர் கட்டியிருப்பது ஏறத்தாழ ஒரு கோடி!

கடனே இல்லை, முழுப் பணமும் கையிலிருந்தே போட்டார் என்றாலும் கணக்கு இனிக்கவில்லை. ஆண்டு வாடகை 1,92,000. ஒரு குடித்தனக்காரர் போய் இன்னொருவர் வருமுன் ஒரு மாதம் வீடு காலி, போயிற்று 16,000. அரையாண்டுக்கொரு முறை சொத்துவரி, சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம், சுண்ணாம்பு, குழாய், மோட்டார் என்று 26,000 போனால், மிஞ்சுவது ஒன்றரை இலட்சம். போட்ட பணத்துக்கு இரண்டரை விழுக்காடு. அதே பணத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டுவிட்டு, குழாய் ஒழுகுகிறது என்று இரவு பத்து மணிக்கு ஒருவரும் கதவைத் தட்டாமல் நிம்மதியாகத் தூங்கியிருந்தால், இதைவிட அதிகமாகவே வந்திருக்கும்.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? "நிலத்தின் விலை ஏறும்" என்கிறார்கள். ஏறத்தான் செய்கிறது. அந்த ஏற்றம் யாருடைய உழைப்பு என்பதைச் சற்றுப் பொறுத்துப் பேசுவோம். இப்போதைக்கு இது போதும்: வாடகைக்கு வீடு விடுவது, வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவது போல உட்கார்ந்து உண்ணும் தொழிலன்று. வருவாய் மெலிந்தது, வேலை ஓயாதது, மெலிந்த வருவாயை ஒரே ஒரு கெட்ட குடித்தனம் இரண்டாண்டுக்கு விழுங்கிவிட முடியும்.

துணி விற்றவன் துணியை மறந்துவிடலாம். வீட்டை வாடகைக்கு விட்டவன் மறக்க முடியாது; பொருள் அவனுக்குத் திரும்பி வரவேண்டும். சுவரில் எத்தனை ஆணி அடித்திருப்பார்களோ, சம்பில் என்ன விழுந்திருக்குமோ, காலி செய் என்றால் செய்வார்களோ மாட்டார்களோ! வேட்டிக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று நம் முன்னோர் பழமொழி செய்து வைத்ததே இந்த அச்சத்துக்குத்தான்.

அச்சத்துக்கு வரலாறும் உண்டு. உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீடு பஞ்சமாயிற்று. வாடகை வானத்தைத் தொட்டது. குடியிருப்போரைக் காக்க அரசு குறுக்கிட்டது. சென்னை மாகாணத்தில் 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1949-ல் மற்றொன்று, பிறகு 1960-ல் நெடுநாள் நின்ற சட்டம். நினைத்த நேரத்தில் நினைத்தபடி வாடகையை உயர்த்துவதும், சட்டியையும் பானையையும் தெருவில் எறிந்து துரத்துவதும் அந்தச் சட்டங்களால் தடைபட்டன. நல்ல வேலை, நன்றி கூறத்தக்க வேலை. ஆனால் வழக்கு என்று போனால் வயது போகும் என்ற நிலையும் கூடவே வளர்ந்தது. பழைய வாடகையில் உறைந்துபோன கட்டடத்துக்கு உடையவர் ஒரு கை சுண்ணாம்பும் பூசவில்லை. இருப்பவர் விடவில்லை, கட்டியவர் தொடவில்லை, நடுவிலே சுவரில் ஆலங்கன்று முளைத்தது. எழுத்தில் ஒப்பந்தம் போடுவதையே தவிர்க்கும் பழக்கமும் ஊன்றிவிட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறதா? பதினோரு மாதம் என்று எழுது! ஊரெங்கும் பதினோரு மாத ஒப்பந்தம் உலவுவதன் மருமம் இதுதான்.

இந்த அச்சம் நாட்டுக்கு என்ன செய்திருக்கிறது என்பதை இரண்டு எண்கள் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம். மறு ஆண்டு, 2012-ல், நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழு கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 87 இலட்சத்துக்கு மேல். ஒருபுறம் வீடில்லாத மக்கள், மறுபுறம் மக்களில்லாத வீடுகள்! காலி வீடெல்லாம் அச்சத்தால் பூட்டியவை என்று சொல்லமாட்டேன்; விலை ஏறக் காத்திருப்பவை உண்டு, விற்பனையாகாமல் நிற்பவை உண்டு. ஆனாலும் "வாடகைக்கு விட்டுத் தொல்லைப்படுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல்" என்று சொல்லும் குரலைக் கேட்காத தெரு நகரத்தில் இல்லை.

ஆகவே வீட்டுக்காரரின் அச்சம் பொய்யன்று. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவரிடம் வழக்காட நமக்கு உரிமை வருகிறது. வழக்கு இதுதான்: அச்சம் உண்மை, ஆனால் அந்த அச்சம் கேட்கும் கேள்வி பொய்.

வாடகை தவறாமல் வருமா? வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பார்களா? சொன்ன காலத்தில் காலி செய்வார்களா? இந்த மூன்றுதான் அவருடைய கவலை. இவற்றுக்கு விடை தேடப் புறப்பட்டவர், "என்ன ஆளுங்க? எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு? வீட்டில் அசைவம் உண்டா?" என்று கேட்கிறார். நோய் வயிற்றில், மருந்து நிழலுக்கு! குலத்தைச் சொன்னால் குழாயை மூடுவான் என்று எந்த நூல் சொல்லிற்று? மீன் குழம்பு வைப்பவள் மாதம் ஐந்தாம் தேதி வாடகை தரமாட்டாள் என்பதற்கு என்ன சான்று? முருங்கைக்காய்ச் சாம்பாரை உண்டுவிட்டு மூன்று மாத வாடகை பாக்கி வைத்துப் போனவர்களை நகரம் கண்டதே இல்லையா?

சென்ற ஆண்டு என்னுடன் பணிபுரியும் ஆசிரிய நண்பர் ஒருவருக்காகப் புறநகரில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வாடகை 12,000. வீட்டுக்காரர் பெரியவர், அன்பானவர், மோர் கொடுத்தார். "வாத்தியார்னா எனக்குக் கவலையே இல்லை சார், ஒண்ணாந்தேதி சம்பளம், நேரத்துக்குத் தூங்கற மனுஷங்க" என்று மகிழ்ந்தார். நண்பரின் ஊரைக் கேட்டார், சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்றார், அதையும் சொன்னார். மோர் செம்பு உள்ளே போயிற்று. "அண்ணன் பையன் ஒருத்தன் வர்றதா சொல்லியிருந்தான் சார், மறந்தே போயிட்டேன்" என்றார். பள்ளிக்குப் போகும் வழியில் அந்த வீடு; அண்ணன் மகனும் வரவில்லை, ஆவணி மகனும் வரவில்லை; பலகை இன்னும் மூன்று மாதம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. 36,000 ரூபாய்! அந்த ஒரு கேள்விக்குப் பெரியவர் கொடுத்த விலை அது. அவர் கஞ்சன் என்று கேள்வி. பத்து ரூபாய்க்குக் கீரைக்காரியிடம் கால் மணி நேரம் வாதாடுவாராம்.

நண்பர் அங்கே இழந்தது வேறு. அவர் ஒன்றும் பேசவில்லை. பேருந்து வரும்வரை பேசவில்லை. வகுப்பிலே நாற்பது பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் கற்பிக்கிறவர் அவர்.

இது ஏதோ ஒரு தெருவின் குணம் என்று தள்ளிவிட முடியாது. டில்லி வட்டாரத்தில் சுக்தேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும், வீடு கேட்பவரின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்து 2015-ல் ஆய்வுரை வெளியிட்டனர். வேலை, வருவாய் போன்றவை ஒத்திருந்தும் தாழ்த்தப்பட்டோர் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவுகள் மூடின. அல்லது கூடுதல் நிபந்தனையோடு திறந்தன. பெயர் ஒன்றே தடை!

சட்டம் என்ன செய்கிறது? தீண்டாமையை முன்னிட்டு ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு பெறுவதைத் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். ஆனால் அண்ணன் மகன் வருகிறான் என்று சொன்னவரை எந்தச் சாட்சி கொண்டு கூண்டில் ஏற்றுவது? கடை, உணவு விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் வேற்றுமை கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனியார் வாடகை வீட்டைப் பெயர் சொல்லவில்லை. 2005-ல் உச்சநீதிமன்றம், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வகுத்துக்கொண்ட ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் விதியைச் செல்லும் என்றது. ஆகவே சட்டத்தின் கை நீள்கிறது. வாசற்படி வரை வந்து நின்று விடுகிறது.

"என் வீடு, என் விருப்பம். எனக்குப் பிடிக்காதவரை என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல நீ யார்?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். வலுவான கேள்வி, சிரித்து ஒதுக்கக்கூடாது. ஒருவர் தாம் உண்டு உறங்கும் வீட்டிலே, ஒரே அடுப்படியை, ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைச் சேர்க்கிறார் என்றால், விருப்பத்துக்கு அங்கே இடமுண்டு என்று நானும் சொல்வேன். அங்கே சாதி பார்ப்பது இழிவு என்றும் சேர்த்தே சொல்வேன். ஆனால் தனி வாசல், தனிக் கதவு, தனிப் பூட்டு வைத்து, சாவியை ஒப்படைத்து, மாதம் இவ்வளவு என்று விலை பேசிவிட்ட பிறகு, அது அவர் "வைத்துக்கொண்ட" இடமா? விருந்தினருக்கு இடம் கொடுத்தவர் சொல்ல வேண்டிய சொல்லை வணிகம் செய்பவர் சொல்லலாமா? விருந்து என்றால் வாடகை கேட்கக்கூடாது. வாடகை என்றால் விருந்தோம்புவான் அதிகாரம் கிடையாது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு, பணத்தை வணிகராக வாங்குவதும் நிபந்தனையைப் புரவலராக விதிப்பதும் நம் நாட்டு வீட்டுக்காரர் கண்டுபிடித்த வித்தை.

வாடகை எதற்கு விலை என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சுவருக்கு விலையன்று, சுவர் அவருடையதாகவே இருக்கிறது. அந்தச் சுவருக்குள் ஒருவன் தன் வாழ்வைத் தன் விருப்பப்படி வாழும் காலத்துக்கு விலை. என்ன சமைக்கிறான், யாரை அழைக்கிறான், எந்தப் படத்தை மாட்டுகிறான், எந்தப் படத்தையும் மாட்டாமல் இருக்கிறான், எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். இதைச் சட்டமே ஒருவகையில் ஏற்றுக்கொண்டுவிட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், உடையவர் தம் சொந்த வீட்டுக்குள் நுழைவதற்கே 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் துரத்தக்கூடாது என்கிறது. "என் வீடு" என்ற சொல்லின் எல்லை, சாவி கைமாறியதும் சுருங்கிவிட்டது!

அதே சட்டம் வீட்டுக்காரரின் மெய்யான அச்சத்துக்கும் மருந்து வைத்திருக்கிறது. அதை வாங்கிக் குடிப்பாரைத்தான் காணோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை நின்று, அறிவிப்புத் தந்தும் கட்டாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். எந்தப் பழுது யாருடையது என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. கட்டடத்தின் உறுதி, சுவருக்கு வெள்ளை, கதவு சன்னலுக்கு வண்ணம், தேவைப்பட்டால் குழாய் மாற்றம், மின்கம்பி ஆகியவை உடையவர் பொறுப்பு. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைச் சண்டையில் பாதி இந்த அட்டவணைக்குள் அடங்கிவிடும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைச் சட்டம் அளவாகச் சொல்கிறது. சென்னையிலோ அட்வான்ஸ் பத்து மாதம் என்பது எழுதாத சட்டம்! பத்து மாத வாடகையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "பணம் வருமோ வராதோ என்று பயந்துதான் சாதி கேட்டேன்" என்பவரை என்ன சொல்ல?

மின்சாரக் கணக்கும் ஒன்று உண்டு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு வழங்கியது. மேலும் கீழும் ஒரே இணைப்பில் ஓடும் வீடுகளில், மாடிக் குடித்தனக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே எட்டோ பத்தோ தருகிறார். அரசு கொடுத்த இலவசம் படியேறி வருமுன் கீழ்வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சிறு தொகைதான். ஆனால் வாடகைக்கு அப்பால் வாங்கும் சிறு தொகைகளில்தான் பெருமக்கள் பலருடைய நேர்மை தோற்கிறது.

பெர்னாட்ஷா எழுதிய முதல் நாடகம் மேடையேறியது 1892-ல். அதன் பொருளே வாடகை. இலண்டன் சேரி வீடுகளின் வாடகையில் செல்வனான ஒருவனின் மகளைக் காதலிக்கிறான் ஓர் இளம் மருத்துவன். அவன் செல்வம் வரும் வழி தெரிந்ததும், அந்தப் பணம் வேண்டாம் என்று வீறாப்புப் பேசுகிறான். பிறகு தெரியவருகிறது, தன் சொந்த வருவாயும் அதே சேரி வீடுகளின்மேல் கொடுத்த கடனுக்கு வட்டி என்று! வீறாப்பு வாடிப் போகிறது. அந்த நாடகத்தில் என் நெஞ்சில் நிற்பவன் வாடகை வசூலிக்கும் ஏவலாள். இடிந்த படிக்கட்டைச் செப்பனிட ஒரு பவுனுக்குச் சற்று மேல் செலவிட்டான் என்பதற்காக வேலையை விட்டு நீக்கப்படுகிறான். வாடகை வாங்கிய கை, படிக்கட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது அங்கே குற்றம்.

அதே இலண்டனில் அதற்கு முன்பே வேறொரு வழி நடந்து காட்டப்பட்டிருந்தது. 1865-ல் மாரிலபோன் பகுதியில் மூன்று பழைய வீடுகளை ஜான் ரஸ்கின் பணம் போட்டு வாங்க, அவற்றை நடத்தும் பொறுப்பை ஏற்றார் ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணி. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு ரஸ்கினுக்கு. பழுதுபார்க்க ஒரு தொகை தனியே. அதில் மிஞ்சியதைக் குடியிருப்போர் விரும்பிய வசதிக்குச் செலவிடுவது. வாடகை பாக்கியில் அவர் கண்டிப்பானவர். தொடர்ந்து தராதவரை வெளியேற்றவும் தயங்கவில்லை. அவரை நான் தெய்வமாக்கவில்லை: ஏழைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் மோகம் அவருக்கு மிகுதி, பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை தருவதையும் எதிர்த்தவர். ஆனால் வாடகை வீட்டுத் தொழிலுக்கு வேண்டிய கண்டிப்பும் கணக்கும், பழுதுபார்க்கும் கடமையும், குடியிருப்போர் சொல்லுக்கு மதிப்பும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதை அவர் காட்டினார்.

இனி, பொறுத்துப் பேசலாம் என்று விட்ட நிலத்துக்கு வருவோம். 1776-ல் ஆடம் ஸ்மித், வீட்டு வாடகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்: கட்டடத்துக்கு உரியது ஒன்று, அது நிற்கும் மண்ணுக்கு உரியது மற்றொன்று. கட்டடம் உடையவரின் முதலீடு. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அவர் கொடுத்தார், கூலி கிடைக்கட்டும். மண்ணின் விலை ஏறியது யாரால்? அருகிலே அரசு மெட்ரோ இரயில் விட்டது, நகராட்சி சாலை போட்டது, பள்ளிக்கூடம் வந்தது, அந்தப் பள்ளிக்குப் பெருக்கவும் கற்பிக்கவும், அந்தச் சாலைக்குத் தார் காய்ச்சவும் ஆயிரம் பேர் வந்தார்கள். தார் காய்ச்சியவன் கருகக் கருக மண் பொன்னாயிற்று. அவன் சாலையோரம் நின்று, அந்தத் தெருவிலேயே ஒரு போர்ஷன் கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?"

இதைத் தொலைவில் உள்ள யாருக்கோ எழுதவில்லை. இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்கள் பலரின் வீட்டிலும் ஒரு மாடி உண்டு. மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு நாம் வீடு திரும்பும்போது, மாடிக்கு ஆள் தேடி அப்பா புரோக்கரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "நம்ம ஆளுங்களா இருந்தா பாருங்க" என்கிறார். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு, கேளாதவர் போல உள்ளே போகிறோம். அந்த மாடி வாடகையில்தான் நம் கல்லூரிக் கட்டணம் போயிருக்கும். ஷாவின் நாடகத்து மருத்துவனை ஏசுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவிடம் என்ன சொல்வது? அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார்: "வாடகை வராம போச்சுன்னா நீ தருவியா?" நியாயமான கேள்வி, சொற்பொழிவு அதற்கு விடையாகாது. உட்கார்ந்து ஒரு தாள் எழுதிக் காட்டவேண்டும். வருகிறவர் எங்கே வேலை பார்க்கிறார், வாடகை அவருடைய வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா, முன்பு இருந்த வீட்டில் எப்படி இருந்தார் என்று அந்த வீட்டுக்காரரிடம் ஒரு சொல். அட்வான்ஸ் மூன்று மாதம். ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு. குடியேறும் நாளில் இருவருமாக வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஆணி, விரிசல், குழாய் எல்லாம் குறித்து, படம் எடுத்து, இருவரும் கையொப்பம். மாடிக்குத் தனி மின் இணைப்பு. வாடகை வங்கி வழியாக. ஆண்டில் ஒரு மாத வாடகை பழுதுக்கென்று தனியே, கை வைக்கக்கூடாது. 2019 கோடையைப் போலத் தண்ணீர் வற்றினால் லாரிச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதும் முன்கூட்டியே எழுத்தில்.

பலகையைத் தொங்கவிடுமுன் இதை எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். சம்ப் கழுவும் கூலியை யார் தருவது என்பதில் மட்டும் அப்பா சற்று நேரம் வாதாடுவார்.